அறை ஓசை

அந்தேரியில் மூன்றாவது மாடி.
ஏசியை அணைத்துவிட்டுத்தான் வேலை, அதுவும் சத்தம்.
திரையில் எழுபத்தாறாம் வருஷம் ஓடுகிறது
ஊமையாக.
வசனம் வேறெங்கோ சேரும். பாட்டு கிடையாது.
மற்றதெல்லாம் என் பொறுப்பு:
கதவு, காகிதம், செருப்பு, எலும்பு.

தடியடிக்கு முட்டைக்கோஸ்.
மாதுங்கா மார்க்கெட்டில் இறுக்கமாய்ப் பார்த்து எடுத்தேன்.
எத்தனை பேருக்குச் சமையல் என்றான் கடைக்காரன்.
நாற்பது என்றேன்,
திரையில் எண்ணி வைத்திருந்தேன்.
முதுகென்றால் மேலே ஈரத்தோல் போர்த்த வேண்டும்.
விரல் முறிய முருங்கைக்காய், பிஞ்சாக.
மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்
பொரியல் செய்கிற வழக்கம் எனக்கு.
அன்றைக்கு முடியவில்லை.
பையோடு லிஃப்ட்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

படத்தில் சரயு என்றொரு தட்டச்சுக்காரி.
ராத்திரியில் துண்டறிக்கை அடிப்பாள்,
அரிசி டின்னில் முழங்கை வரை கைவிட்டுப் புதைப்பாள்.
அவள் படியிறங்க ரப்பர் செருப்பு, வலதில் வார் அறுந்தது.
அவளைத் தேடி ஏறுகிறவனுக்கு லாடம் அடித்த பூட்ஸ்.
இரண்டும் என் கால்.
கண்ணாடிக்கு அப்பால் ஷிரோட்கர் கட்டைவிரலை உயர்த்தினார்:
போலீஸ் முதல் டேக்கிலேயே ஓகே.
சரயுதான் ஏழு முறை.
பயந்தவள் இறங்கும்போது எடை எங்கே விழும்?
குதிகாலில் வைத்துப் பார்த்தேன், விளிம்பில் வைத்துப் பார்த்தேன்.
பூட்ஸ் அப்படியெல்லாம் யோசிக்க விடவில்லை.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் ரீலில் குடிசைகளை இடிக்கிறார்கள்.
புல்டோசருக்கு நான் எந்தக் காய்கறியைத் தேடுவது.
ஷிரோட்கர் ஒலிக்கிடங்கில் துழாவி ஒன்றை எடுத்தார்,
அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.
சங்கிலிச் சக்கரம், தகரம், நடுவே ஒரு கோழி.
கோப்பின் பெயர்:
மாலாட் கிழக்கு, போன மார்ச்.
டைரக்டர் ஈஷா கொஞ்ச நேரம் பெயரையே பார்த்தாள்.
பிறகு, கோழியை மட்டும் எடுத்துவிடலாமா என்றாள்.

தலையங்கம் இருந்த இடம் வெள்ளையாய் வந்த பேப்பரை
ஒருவர் டீக்கடையில் விரிக்கிறார்.
அச்சில்லாத கட்டத்துக்கு வேறு சரசரப்பு வேண்டுமாம்.
காகிதத்துக்கு அது தெரியாதே, அம்மா.
கடைசியில் விரிப்பதைப் பாதியில் நிறுத்தினேன்.
அவளுக்கு அது பிடித்தது.

எல்லாம் முடிந்து அறை ஓசை எடுப்போம்.
ஒன்றும் செய்யாமல் முப்பது விநாடி நிற்க வேண்டும்.
பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒட்டுப்போட
இந்தச் சும்மா தேவை,
இல்லாவிட்டால் படம் பிணம்.
வளையலைக் கழற்றினேன்.
டீப்பையன் கிளாஸ்களோடு வாசலில் உறைந்தான்.
இருபத்தொரு மாசம் ஒரு தேசம் இப்படி நின்றது
என்கிறது படம்.
நான் அப்போது சயான் கோலிவாடாவில் கைக்குழந்தை.
அழுதிருப்பேன். யாரும் கேஸ் போடவில்லை.

பத்தொன்பதாவது விநாடியில் யாரோ இருமினார்கள்.
மறுபடி, என்றாள் ஈஷா.
மறுபடி நின்றோம். சுத்தமாக வந்தது.

செம்பூர் தியேட்டரில், இரண்டாம் நாள், மாட்டினி.
நாற்பது பேரை முற்றத்தில் நிறுத்தி
அச்சடித்தது யார் என்று கேட்கிறான் அதிகாரி.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அந்த மௌனத்துக்குள் ஒரு இருமல்.

சுத்தமானதை விட்டுவிட்டு ஷிரோட்கர் இதையா ஒட்டினார்?
கேட்டதற்குச் சிரித்தார், காது மந்தம் என்றார்.

பட்டியலில் என் பெயர் ஓடும்போது பாதிப் பேர் போயிருந்தார்கள்.
அமலோற்பவம் அமலாவாகச் சுருங்கியிருந்தது.
அது போகட்டும்.
இருமல் கேட்டதும் முன்வரிசையில் ஒருவர் திரும்பி
நேராக என்னைப் பார்த்தார்.
நானில்லை என்று சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் இருந்தேன்.
அப்போதுதான் கவனித்தேன்:
இருட்டில் என் இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பியிருந்தன,
எடை முழுக்கக் கட்டைவிரலில்.